ஆனியில் அளந்த நிழல்

எங்கள் களத்தின் தென்கோடியில் ஒரு நெடிய மூங்கில் நட்டிருந்தார்கள். அதன் நுனியில் வெள்ளைத் துண்டு கட்டியிருந்தது. நாமகிரிப்பேட்டையின் பெரிய மனிதர்கள் நாலு பேர் புங்கமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, அந்த மூங்கிலின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று காலையிலிருந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் அன்றைக்கு யாருக்கும் வேறு வேலை இல்லை போலிருக்கிறது. அவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தே எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மாதம் மட்டும் ஆனி. இந்தக் கதையில் கெடுதல் செய்ததே அந்த மாதம்தான் என்பதால் அது மறக்கவில்லை.

வழக்கு இதுதான். எங்கள் களத்துக்குத் தெற்கே ஒட்டினாற்போல் மஞ்சள் மண்டிக்காரரின் காலி மனை இருந்தது. அதில் மாடி வைத்த கிடங்கு ஒன்று கட்டப் போவதாக அவர் சொன்னார். கட்டினால் நிழல் எங்கள் களத்தில் விழும், எங்கள் பிழைப்பில் மண் விழும் என்றார் என் வீட்டுக்காரர். அதெல்லாம் விழாது என்றார் மண்டிக்காரர். தீர்ப்புச் சொல்ல வந்து உட்கார்ந்த நாலு பேரில் மூன்று பேர் தலையாட்ட வந்தவர்கள். பேச வந்தவர் பூகோள வாத்தியார்.

இந்தத் தொடரில் நான் என் வீட்டுக்காரரை ரொம்பவும் கேலி செய்கிறேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். கவலை வேண்டாம், இந்த வாரம் கேலிக்கு வேறு ஆள் இருக்கிறார்.

வாத்தியார் போர்டு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆனி வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். கிணற்றில் தண்ணீர் வற்றுவதிலிருந்து மாட்டுக்குக் கோமாரி வருவது வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பூகோளக் காரணம் தயாராக இருக்கும். "எதற்கும் ஒரு பரீட்சை வேண்டும்" என்று சொல்லி, கிடங்கு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு மூங்கில் நடச் சொன்னவர் அவரே.

வெயிலுக்கு ஒரு வழக்கா?

சேலம் ஜில்லாவில் போய் யாராவது வெயிலுக்காக வழக்குப் பேசுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். கொட்டிக் கிடக்கும் சாமானாயிற்றே! ஆனால் நாங்கள் அப்போது ஜவ்வரிசி போட்டுக்கொண்டிருந்தோம்.

மலேயாப் பக்கமிருந்து கப்பலில் ஜவ்வரிசி வருவது யுத்தத்தில் நின்றுபோனதும், குச்சிக் கிழங்கிலிருந்து, அதாவது மரவள்ளியிலிருந்து, அதைச் செய்யலாம் என்று எங்கள் பக்கத்தில் சிலர் கிளம்பினார்கள். என் வீட்டுக்காரரும் கிளம்பினார். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் துணியில் வடிகட்டித் தொட்டியில் தெளியவிட வேண்டும். அடியில் தங்கும் மாவை எடுத்துத் துணித் தூளியில் போட்டுக் குலுக்கினால் முத்து முத்தாக உருளும். அதை இரும்புச் சட்டியில் லேசாக வறுத்து, களத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். அதுவரைக்கும் மனிதர் வேலை, அதற்கப்புறம் வெயிலின் வேலை. ஒரு நாள் வெயில் தவறினால் முத்து புளிக்கும். இரண்டு நாள் தவறினால் மாடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எங்கள் களம் கிழக்கு மேற்காக நல்ல நீளம், தெற்கு வடக்காக அகலம் குறைவு. எங்களுக்கென்று இருந்தது அந்தத் துண்டு நிலம் மட்டும்தான்.

அது போனால் மேட்டூர். அணை கட்டியபோது என் வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்தார். அணை முடிந்த பிறகும் கொஞ்ச காலம் ஒரு கம்பெனியில் இருந்தார். அங்கே குவார்ட்டர்ஸில்தான் எங்கள் முதல் குழந்தை காய்ச்சலில் போனது. பெயர்கூட வைத்திருக்கவில்லை. "செத்தாலும் அந்தூருக்குத் திரும்ப மாட்டனுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் நாமகிரிப்பேட்டைக்கு வந்து சேர்ந்தேன். அதனால் நாலு பெரிய மனிதர்கள் அந்த நிழலைப் பொழுதுபோக்காகப் பார்த்தார்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை.

நிமிர்த்தப்பட்ட பூமி

வாத்தியாரின் முன்கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவர் ஹெட்மாஸ்டராக இருந்தபோது சேலத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு பூகோள உருண்டை வந்ததாம். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் பூமி தன் தண்டில் ஒருக்களித்துச் சாய்ந்து நின்றது. வண்டியில் வந்தபோது அடிபட்டு வளைந்துவிட்டது என்று வாத்தியார் முடிவு கட்டினார். இன்ஸ்பெக்டர் வருகிற நேரம், கோணல் சாமானை அவர் கண்ணில் காட்டலாமா? ஊர்க் கொல்லரைக் கூப்பிட்டனுப்பினார். கொல்லர் தண்டைப் பழுக்கக் காய்ச்சி, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, பூமியை நிமிர்த்திக் கொடுத்தார். தட்டியதில் ஆஸ்திரேலியாவில் ஒரு சொட்டை விழுந்தது. அது எங்கோ இருக்கிற ஊர்தானே என்று விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்த பூமியில்தான் படித்துத் தேறினார்கள். வந்த இன்ஸ்பெக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. சாமான்கள் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகப் பாராட்டிவிட்டு, கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனாராம்.

நான் மட்டும் என்ன பெரிய படிப்பாளியா? சேலம் அஸ்தம்பட்டியில் அத்தை வீட்டில் தங்கி, கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். அங்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பருவங்கள் நாலு. வசந்தம், கோடை, இலையுதிர் காலம், பனிக்காலம். பனிக்காலத்தில் நாம் கணப்படுப்பின் அருகே உட்கார்ந்து கம்பளிக் கையுறை பின்னுகிறோம் என்று முதுகு வேர்க்க வேர்க்க இங்கிலீஷில் எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறேன். புத்தகத்தில் இலை உதிர்ந்தது ஐப்பசியில். பள்ளிக்கூடத்து வேப்பமரம் மாசியில் உதிர்த்தது. பரீட்சை வைத்திருந்தால் அந்த மரம் ஃபெயில்தான்.

ஆனால் அங்கிருந்த உருண்டை சாய்ந்தே நின்றது. அதை நிமிர்த்த வேண்டுமென்று அந்த அம்மாக்களுக்குத் தோன்றவில்லை.

எலுமிச்சம்பழத் தீர்ப்பு

மூங்கிலுக்கு வருவோம். காலையில் அதன் நிழல் தென்மேற்கே, மண்டிக்காரரின் மனைக்குள் விழுந்தது. உச்சி வேளையில் சுருங்கி, அப்போதும் தெற்கே ஓர் ஆள் நீளத்துக்குக் கிடந்தது. சாயங்காலம் தென்கிழக்கே நீண்டது. நாள் முழுக்க ஒரு தடவைகூட எங்கள் களத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா? நாஞ் சொன்னனுங்களே!" என்று மண்டிக்காரர் தொடையைத் தட்டினார்.

என் வீட்டுக்காரர் மூங்கிலை அண்ணாந்து பார்த்தார். நாலு பேர் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது? "இன்னைக்கு நெழலு உழுகலீங்க. சரி. மத்த மாசத்துலயும் இப்படியே இருக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் வாத்தியார் ஓர் எலுமிச்சம்பழமும் ஒரு கோணி ஊசியும் கொண்டுவரச் சொன்னார். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். பழத்தின் நட்ட நடுவே ஊசியைக் குத்தி, தூண் மாதிரி நேராகப் பிடித்தார். மோர்ச் செம்பைக் கட்டிலின் மத்தியில் வைத்து, "இது சூரியன்" என்றார். பழத்தைச் செம்பைச் சுற்றி ஒரு வலம் கொண்டுவந்தார்.

"ஆனியில் பூமி இங்கே. மார்கழியில் எதிர்ப்பக்கம், அங்கே. ஊசியின் நிலையில் மாற்றம் உண்டா? இல்லை. ஆகையால் வெளிச்சம் படுகிற விதத்திலும் மாற்றம் இல்லை. இன்றைய நிழல்தான் என்றைக்கும் நிழல். கோடை, குளிர் எல்லாம் பூமி சூரியனுக்குக் கிட்டே போவதாலும் எட்டப் போவதாலும் உண்டாகிறவை. அதற்கும் நிழலுக்கும் சம்பந்தமே இல்லை."

பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் பஞ்சாங்கம் பார்க்காமல் பல்லைக்கூடத் துலக்காதவர்கள். தை பிறந்தால் பொழுது வடக்கே திரும்புகிறது என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறவர்கள். ஆனால் உத்தராயணம், தட்சிணாயனம் எல்லாம் கல்யாணத்துக்கு நாள் பார்க்க. சாமி சமாசாரத்தைக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காரையோடு சேர்ப்பார்களா? வடக்கே போகிற பொழுது தெற்கேயும் வருமே, வந்தால் சுவரின் நிழல் எங்கே போகும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, உருண்டை சாஞ்சில்லீங்க இருக்கோணும்? எங்க பள்ளிக்கூடத்துல சாஞ்சுதானுங்க இருந்துச்சு" என்றேன்.

வாத்தியார் என்னைப் பார்த்துக் கனிவோடு சிரித்தார். "அம்மிணி, பூமி சாய்ந்திருந்தால் இந்தச் செம்பிலிருக்கிற மோர் இந்நேரம் கொட்டியிருக்காதா?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். அதற்கு வீட்டுக்குள் வந்ததும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஜெயித்த மண்டிக்காரருக்குப் பெருந்தன்மை பொங்கி வழிந்தது. நெஞ்சில் கையை வைத்து, "உங்க வெயிலு உங்களுக்குத்தானுங்க. அதுல ஒரு பொட்டு என்னோட கட்டடத்து மேல உழுந்தாலும் அது உங்களுதுங்க. நாலு பெரியவங்க முன்னால சொல்றன்" என்றார். போகிற போக்கில் சொன்னதுதான். கொடுக்க வேண்டி வராது என்று தெரிந்தால் யாரும் கர்ணன்தான்.

சாய்ந்துதான் இருக்கிறது, ஐயா

ரொம்ப வருஷம் கழித்து என் மகள் காலேஜில் படித்தபோது அவள் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். பூமி சாய்ந்துதான் இருக்கிறது. மோர் கொட்டாமலேயே சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு எப்போதும் ஒரே திசையில் இருக்க, பூமி அப்படியே சூரியனைச் சுற்றி வருகிறது. அதனால் ஆனியில் நாம் இருக்கிற வடபாதி சூரியன் பக்கமாகக் குனிந்திருக்கும். மார்கழியில் பூமி எதிர்ப்பக்கம் போய்விட, அதே சாய்வினால் நம் பாதி சூரியனைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கும். குனிந்த பாதிக்கு வெயில் செங்குத்தாக விழும், பகலும் நீளம். விலகிய பாதிக்கு வெயில் சரிவாக விழும், பகலும் குட்டை.

சீமையில் இந்த வித்தியாசம் தாங்க முடியாதாம். கோடையில் சாப்பிட்டுப் படுக்கப் போகும்போதும் வெளிச்சம், குளிர்காலத்தில் சாயங்காலக் காப்பிக்கே இருட்டு. நமக்குப் பகல் கூடுவதும் குறைவதும் மொத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதனால் நம் ஆட்கள் அதைச் சட்டை செய்வதில்லை.

ஆனால் சீமைக்காரனுக்கு இல்லாத ஒரு கூத்து நமக்கு உண்டு. சித்திரையில் ஒரு நாளும் ஆவணியில் ஒரு நாளும் உச்சிப் பொழுது சரியாக நம் தலைக்கு மேலே நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் உச்சிப் பொழுது நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் பொழுது தெற்கே, நிழல் வடக்கே. நாலு பேர் கட்டில் போட்டுக் காவல் காத்த ஆனிதான் நிழல் தெற்கே மிக அதிகமாகப் போகிற சமயம். வேண்டுமென்று தேடினாலும் அதைவிடத் தப்பான மாதம் கிடைத்திருக்காது.

கிட்டே, எட்ட என்றாரே, அதையும் பார்த்தேன். பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே வருவது மார்கழியிலாம்! பல் கிட்டிக்க பஜனைக்குப் போகிறோமே, அதே மாதத்தில். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் என் மகள் பயந்துபோனாள்.

புளித்த மார்கழி

ஆவணியில் சுவர் எழும்பியது. புரட்டாசி, ஐப்பசியில் மேகமும் மழையும். வெயிலே இல்லாதபோது நிழலை யார் கவனிக்கப் போகிறார்கள்? கார்த்திகை கழிந்து வானம் வெளுத்தது. கிழங்கு பிடுங்கும் காலம் வந்து வண்டி வண்டியாக இறங்கியது. மார்கழி பிறந்த ஒரு காலையில் முத்துகளைக் களத்தில் பரப்பிவிட்டு நிமிர்ந்தால், களத்தில் வெயிலைக் காணோம். கிடங்கின் நிழல் முழுக்கப் படுத்திருந்தது. உச்சிக்கு விலகிவிடும் என்று காத்திருந்தோம். உச்சியில் வடக்கு ஓரமாக ஒரு வேட்டி அகலத்துக்கு வெயில் வந்தது, சாயங்காலம் அதுவும் போய்விட்டது.

எங்களிடம் தூளி குலுக்கிய பெண்களுக்கெல்லாம் தலைவி பாவாயி. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். மறுநாள் முறத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, "சாமி, இது ஜவ்வரிசி வாசமில்லீங்க. கழுவாத பழைய சோத்துப் பான வாசம்" என்றாள். முத்துகள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு கறுப்புப் புள்ளி விழுந்தது. கூடை கூடையாக எருக்குழியில் கொட்டினோம். அந்தப் புளிச்ச வீச்சம் சேலையில், தலைமயிரில், சாப்பிடுகிற சோற்றில்கூட ஏறிக்கொண்டது.

மண்டிக்காரரிடம் முறையிட்டோம். "நானுங்களா மாறுனன்? பொழுது மாறிருச்சுங்க. பொழுது மேல பிராது குடுங்க" என்றார்.

வாத்தியார் கோட்டோடு வந்து களத்தைச் சுற்றிப் பார்த்தார். "இது சாதாரண விஷயமில்லை. ஐரோப்பாவில் இத்தனை குண்டு போடுகிறார்களே, அந்த அதிர்ச்சியில் பூமி கொஞ்சம் நகர்ந்திருக்கிறது" என்றார். தன் எலுமிச்சம்பழம் தப்பு என்று ஒப்புக்கொள்வதைவிட, பூமியைத் தப்பாக்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மேட்டூர்ல ஆள் எடுக்கறாங்களாம். தை பொறந்ததும் போயிரலாம். நீயும் வந்துதான் ஆகோணும்." செத்தாலும் திரும்ப மாட்டேன் என்று நான் சொன்ன ஊர். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. வேறு என்னதான் செய்வார் அந்த மனுஷர்?

மண்டிக்குள் ஒரு பொம்பளை

மறுநாள் காலையில் காலிக் களத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். கிடங்கின் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு வெயிலில் தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தது. அடப்பாவி! வெயில் ஒன்றும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை, எங்கள் பங்கு முழுக்க அங்கே மேலேதான் உட்கார்ந்திருக்கிறது.

நேரே மண்டிக்குப் போனேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டைக் கையில் போர்த்தி, அதனடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது, பேசினால் பேசியதுதான். பேச்சு மாறுகிற மண்டிக்கு அடுத்த சந்தையன்று ஒரு மஞ்சள் வண்டிகூட வராது. இது எனக்கும் தெரியும், மண்டிக்காரருக்கும் தெரியும்.

பொம்பளைகள் வருகிற இடமில்லை அது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"என்னங்க அம்மிணி, இங்க வந்திருக்கறீங்க?" என்றார் மண்டிக்காரர்.

"எங்க வெயில எடுத்துக்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"என்னது?"

"ஆனி மாசம் நாலு பெரியவங்க முன்னால சொன்னீங்களே. எங்க வெயிலு ஒரு பொட்டு உங்க கட்டடத்து மேல உழுந்தாலும் எங்களுதுன்னு. இப்ப அத்தனையும் உங்க மாடி மேலதானுங்க கெடக்குது. படிக்கதவத் தொறந்து விடுங்க, நாங்க அங்க காயப்போட்டுக்கறோம்."

துண்டுக்கடியில் ஒரு வியாபாரியின் விரலைப் பிடித்திருந்த அவர் கை அப்படியே நின்றது. "அது தமாசுக்குச் சொன்னதுங்க" என்றார்.

மஞ்சள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த வண்டிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். "ஏனுங்க, நீங்க தமாசுக்குச் சொல்ற பேச்சு எது, நெசத்துக்குச் சொல்ற பேச்சு எதுன்னு எங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டார்.

மண்டிக்காரர் என்னைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை உருவி நீட்டினார். "எடுத்துக்கங்க. ஆனா அந்தப் பாவாயி மாடியில நின்னுக்கிட்டுச் சத்தம் போடப்படாது, சொல்லிப்புட்டன்" என்றார். அந்த நிபந்தனையை மட்டும் எங்களால் கடைசிவரை நிறைவேற்ற முடியவில்லை.

இந்த மாடி யோசனையே தன்னுடையதுதான் என்று பூகோள வாத்தியார் பிற்காலத்தில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லிக்கொள்ளட்டும்.

செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிப் போட்ட நல்ல மெட்ராஸ் தளம் அது. சுண்ணாம்புப் பூச்சு வழுவழுவென்று இருந்தது. காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை, கைப்பிடிச் சுவரின் ஓரம் தவிர, அதன்மேல் ஒரு நிழல் கிடையாது. புதிதாகக் குலுக்கிய முத்துகளைக் கூடை கூடையாகத் தலையில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பரப்பினோம். முதல் நாள் ஈரம் வற்றியது. அடுத்த நாள் காலால் துழாவினால் சலசலவென்று சத்தம் வந்தது.

என் வீட்டுக்காரர் அதுவரை மேலே ஏறி வரவில்லை. இதெல்லாம் ஆகிற காரியமா என்று கீழேயே நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஏறி வந்தார். குனிந்து ஒரு முத்தை எடுத்துப் பல்லிடையே வைத்துக் கடித்தார். கடுக்கென்று உடைந்தது. இன்னொன்றை வேறொரு மூலையிலிருந்து எடுத்துக் கடித்தார். அதுவும் உடைந்தது.

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "மேட்டூருக்கு வரலைன்னு சொல்லியனுப்பிப் போடறன்" என்றார்.

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. குழந்தை போனபோதுகூட அப்படி வாய்விட்டு நான் அழுததில்லை. அத்தனை பெண்களுக்கும் நடுவில், காய்ந்த முத்துகளின் மேல் குனிந்துகொண்டு, ஓவென்று அழுதேன்.

பாவாயி ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். "அழுவறதுன்னா கீழ போயி அழுவுங்க சாமி! காஞ்சதுல ஈரம் பட்டா மறுக்காப் புளிச்சுப் போயிரும்!"

இறங்கிப் போனேன். எங்கள் களத்தில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நிழல் இருந்தது. அங்கே உட்கார்ந்து ஆசை தீர அழுதேன்.